மேல்புறம் நில்லுங்கள்

புக்கிட் மேரா
சிங்கப்பூர், 9 ஜனவரி 2026

இல்லை நானா, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் முதலாளி நிதீஷ் உங்களிடம் புகார் சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

தாள் என் மேசைமேல் கிடக்கிறது. ஒரே ஒரு பத்தி. உங்கள் கம்பெனி டிரோனின் ரிமோட்டில் ஒலிக்கும் தமிழ் அறிவிப்புகள் எல்லாம் ஆங்கில மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்று, அவற்றை மொழிபெயர்த்துக் குரலும் கொடுத்த ருக்சார் உறுதி அளிக்கிறாள். ஒரு பிழைகூட இல்லாத தமிழ். யாரோ வக்கீல் பார்த்திருக்க வேண்டும். நிதீஷுக்கு ஒற்றெழுத்து வராது.

அவர் சொன்னது இவ்வளவுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு பெண் டிரோனில் வயலுக்கு மருந்தடித்திருக்கிறாள். தப்பான பக்கம் நின்றிருக்கிறாள். மருந்து முகத்தில் அடித்து, கண்ணில் காயம். வேளாண்மைத் துறை விசாரிக்கிறது. குரல் சரியாகத்தான் சொன்னது, அவள்தான் கேட்கவில்லை என்று காட்ட என் கையெழுத்து வேண்டும்.

அவள் பெயர் என்ன என்று கேட்டேன். "ஆபரேட்டர்" என்றார்.

எந்தக் கண்? பார்க்க முடிகிறதா? இதையும் கேட்டேன். நீங்கள்தான் அங்கே பயிற்சி கொடுப்பவர், உங்களுக்குத்தான் தெரியும் என்றார். சரி, உங்களையே கேட்கிறேன்.

போன் செய்யாதீர்கள். எழுதுங்கள். பேசினால் தங்கையைச் சமாதானம் செய்துவிடுவீர்கள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் உங்களுக்கு அந்தத் திறமை கிடையாது. அதோடு, வயலில் தினமும் என் குரலைத்தான் கேட்கிறீர்கள். 'மருந்து தீர்ந்துவிட்டது.' 'மேல்புறம் நில்லுங்கள்.' 'புறப்படலாம்.' அது போதும்.

கேலாங்கில் அந்த ஒலிப்பதிவு அறை நினைவிருக்கிறதா? இரைச்சல் விழும் என்று ஏர்கானை அணைத்துவிட்டார்கள். வேர்த்து வழிய வழிய, நிதானமாக, அன்பாக, ஒரு வயலுக்குப் பேசினேன். அதுவரை நான் வயலில் கால் வைத்ததில்லை. இதுவரையும் இல்லை.

உம்மாவுக்கு முழங்கால் தேறிவிட்டது. கீழே கடைவரைக்கும் தனியாகப் போய் வருகிறார்.

ருக்சார்


மன்னார்குடி
12 ஜனவரி

ருக்சார், ஸலாம்.

எழுது எழுதுன்னா என்னத்த எழுத. மெசேஜ்ல ரெண்டு வரிக்கு மேல நான் எழுதி வருஷமாச்சு.

பேரு தங்கம். இந்த ஊர் மகளிர் குழுவுக்குக் கொடுத்த டிரோன் அவ கையிலதான் இருந்துச்சு. குழுவுல மத்தவங்க மருந்து கலப்பாங்க, தண்ணி எடுப்பாங்க. ஓட்டுறது அவ. இடது கண்ணு. கட்டு இன்னும் பிரிக்கல. டாக்டர் வாயைத் திறக்க மாட்டேங்கிறார்.

டிசம்பர்ல மழை விட்ட ஒரு காலையில நடந்தது. சம்பா பயிர்ல இலைச்சுருட்டுப் புழு. அவ வரப்புல நின்னு டிரோனை ஏத்தியிருக்கா. காத்து நேரா அவளைப் பார்த்து அடிச்சிருக்கு. இது முதுகுல மாட்டி அடிக்கிற டேங்க் மாதிரி இல்ல. டிரோன்ல தண்ணி கொஞ்சம், மருந்து கெட்டி. பனி மாதிரி நகர்ந்து வந்து மூஞ்சில இறங்கிடுச்சு. அவ எங்க நின்னாங்கிறது ரிமோட்ல பதிவாயிருக்கு. வயலுக்கு மேற்கால. காத்து கிழக்கேர்ந்து. ரொம்பச் சரியா தப்பான இடம்.

பாதுகாப்புக் கண்ணாடி போடல. பெட்டில ஒரு கண்ணாடிதான், அதை மருந்து கலக்குற பொண்ணுக்குக் கொடுத்துட்டா. அது நம்ம கையேட்டுப்படி சரி. ஓட்டுறவங்க காத்து வர்ற பக்கம் நிப்பாங்க, அவங்களுக்குத் தேவையில்லன்னு போட்டிருக்கோம்.

இப்ப விஷயம் இதுதான். டிரோனை ஆபீஸ்ல பூட்டி வச்சுட்டாங்க. அவ மேல தப்புன்னு முடிஞ்சா அவ உரிமம் போகும், குழுவுக்கும் டிரோன் திரும்பாது, வைத்தியத்துக்கு நாங்க பொறுப்பில்ல. எங்க மேல தப்புன்னு முடிஞ்சா இந்த மாவட்டத்து கான்ட்ராக்டே போகும். அப்புறம் அடுத்த மாவட்டம். நான் இங்க வெயில்ல காஞ்சதெல்லாம் போச்சு. குறுவை பூரா அடிச்சோம், புள்ள. ஆடி மாசக் காத்துல. ஒரு புகார் கிடையாது. அதை யாரும் பேசுறதில்ல.

ரூம் மாத்திட்டேன். பழைய வீட்டுக்காரர் தங்கத்துக்குச் சொந்தம். காலி பண்ணச் சொல்லல, ஆனா தண்ணி மோட்டார் போடறதை நிறுத்திட்டாங்க. இப்ப மேலத்தெருவுல ஒரு மாடி ரூம். உம்மாகிட்ட விலாசத்தைச் சொல்லிடு.

கையெழுத்தைப் போட்டுடு லா.

அர்ஃபான்


புக்கிட் மேரா
16 ஜனவரி

நானா,

ரொம்பச் சரியாகத் தப்பான இடம். இந்த வரியை வைத்துக்கொண்டு மூன்று நாளாக இருக்கிறேன்.

காற்று அவளைப் பார்த்து அடித்தது என்கிறீர்கள். அவள் அந்த ஊர்க்காரி. நெல் தூற்றும் இடத்தில் வளர்ந்திருப்பாள். காற்று முகத்தில் அடிப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் அங்கே போய் நின்றாள்? நிதீஷ் இதற்குச் சொல்லும் பதில் 'கவனக்குறைவு'. சிங்கப்பூரில் நீங்கள் அந்த டிரோனை எங்கே சோதித்தீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வெளியே பறக்கவிட அனுமதி கிடைக்காமல், தொழிற்பேட்டையில் நாலு பக்கமும் சுவர் உள்ள கூடத்தில், வெறும் தண்ணீரை ஊற்றி. அங்கே எந்தப் பக்கம் நின்றாலும் சரிதான். காற்றே இல்லையே.

நிதீஷை நேற்று லிட்டில் இந்தியாவில் பார்த்தேன். தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நீ எழுதுன வாக்கியம்தானே ருக்சார்? உன் தமிழை நீயே நம்பலன்னா எப்படி?" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோப்பி ஆறிப்போகும்வரை சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'upwind' என்று ஒற்றைச் சொல். காற்று ஆறு மாதிரி ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், ஆற்றின் மேல்பகுதியில், நில். 'காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்' என்றுதான் முதலில் எழுதினேன். அந்த அறிவிப்புக்கு இரண்டு நொடிதான் இடம் என்றார்கள். நீளமாக இருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், அது எனக்குச் சமையலறைத் தமிழாகப் பட்டது. 'மேல்புறம் நில்லுங்கள்' என்று மாற்றினேன். கச்சிதமாக இருந்தது. உங்களிடம் படித்துக்காட்டினேன், நீங்களும் நல்லாயிருக்கு என்றீர்கள்.

சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் பேனாவை எடுத்தால் கை கூசுகிறது?

மேலத்தெரு மேட்டில் இருக்கிறதா? அந்தப் பக்கம் எல்லாம் தட்டையான நிலம் என்றுதான் படித்திருக்கிறேன். மழை பெய்தாலும் நானா மேட்டில் இருக்கிறார், தண்ணீர் ஏறாது என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ருக்சார்


மன்னார்குடி
18 ஜனவரி

மேடா?

யூனிவர்சிட்டில தமிழ் படிச்ச புள்ள. இங்க மேடும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. மேலத்தெருன்னா மேற்குத் தெரு. கோயிலுக்கு மேற்கால இருக்கு. கிழக்கால இருக்கிறது கீழத்தெரு. இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. மேலக்காடு, கீழக்காடு, மேல வாய்க்கால். பஸ்ல கண்டக்டர்கூட. தண்ணி வந்தா மொதல்ல இந்தத் தெருவுக்குத்தான் வரும். உம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத.

கை கூசுதாம். கூசட்டும், போட்டு அனுப்பு. அடுத்த மாச நடுவுல விசாரணை. அதுக்குள்ள அந்தத் தாள் இங்க இருக்கணும். நிதீஷ் என்னைத்தான் திட்டுறான்.

அர்ஃபான்


புக்கிட் மேரா
19 ஜனவரி

மேல் என்றால் மேற்கு.

எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். மேற்கே மலை, உயர்ந்த நிலம், ஆகவே மேல். கிழக்கே கடல், தாழ்ந்தது, ஆகவே கீழ். எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டேன். அது சொல்லாராய்ச்சி என்று நினைத்தேன். அதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஆட்கள் பஸ்ஸில் இறங்குகிறார்கள் என்று நினைக்கவில்லை.

எனக்கு மேல் என்றால் மாடி. கீழ் என்றால் லிஃப்டில் இறங்கிப் போகிற இடம். நம் புளோக்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

மேல்புறம் நில்லுங்கள் என்றேன். தங்கம் வயலுக்கு மேற்கே போய் நின்றாள்.

அவள் கேட்கவில்லை என்று நிரூபிக்க ரிமோட்டின் பதிவைக் காட்டப்போகிறீர்கள். அந்தப் பதிவில் இருப்பது அவள் கேட்டது. காற்று முகத்தில் அடிப்பது தெரிந்தும் கேட்டது. குரல் சொன்னபடி செய்துவிட்டு 'சரி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் டிரோன் கிளம்பும் என்று சொல்லிக்கொடுத்தது நாம். குரலை மீறக்கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டது நாம். அந்தக் கையேட்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

குறுவையில் ஒரு புகார் இல்லை என்று எழுதினீர்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கே நின்றவர்களுக்கு அது முதுகில் அடித்தது. என் தவறு ஒரு பருவம் முழுக்கச் சரியாக வேலை செய்திருக்கிறது. பிறகு மழைக்காலம், காற்று கிழக்குக்குத் திரும்பிவிட்டது. நான் அதே வாக்கியத்தை அதே அன்போடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தெருப் பெயர் போதுமாக இருந்தது. நீங்கள் ஒரு வருடமாக அந்தத் தெருக்களில் நடக்கிறீர்கள். மேலக்காட்டுக்கும் கீழக்காட்டுக்கும் டிரோனைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். பயிற்சி நாளில் நான் 'மேல்புறம்' என்றதும் பெண்கள் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள்.

எப்போது தெரிந்தது, நானா? விளக்கம் வேண்டாம். தங்கத்துக்கு நடப்பதற்கு முன்பா, பின்பா?

ருக்சார்


மன்னார்குடி
26 ஜனவரி

முன்னாடி.

போதுமா?

இல்ல, உனக்குப் போதாது. அக்டோபர்ல காத்து திரும்புச்சு. அப்ப ஒரு பேட்சுக்குப் பயிற்சி நடந்துட்டிருந்துச்சு. உன் குரல் சொன்னதும் ஒரு அம்மா போய் மேற்கால நின்னாங்க. வெறும் தண்ணிதான் அடிச்சோம், அவங்க புடவை நனைஞ்சு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. அன்னைக்கே வாயால சொன்னேன். "மிஷின்ல பேசுற தங்கச்சி சொல்றதை விடுங்க, காத்து வர்ற பக்கம் நில்லுங்க"ன்னு. தினமும் சொன்னேன். அந்த பேட்ச்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. தங்கம் அந்த பேட்ச் இல்ல.

ஏன் நிதீஷ்கிட்ட சொல்லலன்னு கேப்ப. ஒரு வரியை மாத்தினா புது வெர்ஷன். புது வெர்ஷன்னா மறுபடியும் அனுமதி. அதுக்குள்ள சம்பா முடிஞ்சிடும், வேற கம்பெனிக்காரன் உள்ள வந்துடுவான். பருவம் முடிஞ்சதும் அமைதியா மாத்திக்கலாம்னு வச்சிருந்தேன். வாயால சொன்னா போதும்னு நெனச்சேன். நவம்பர்ல நான் இங்கயே இருந்திருந்தா போதுமாத்தான் இருந்திருக்கும்.

நவம்பர்ல நான் ஏன் இங்க இல்ல? உம்மாவுக்கு ஆபரேஷன், தனியா முடியல, வாங்க நானான்னு அழுதது யாரு? நான் வந்தேன். எனக்குப் பதிலா ஒருத்தரைப் போட்டாங்க. அவர் மெட்ராஸ்காரர், கையேட்டைப் பார்த்துப் பாடம் எடுத்துட்டுப் போயிட்டார். தங்கம் அவர்கிட்டதான் படிச்சா. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கணும். ஏர்போர்ட்ல ஞாபகம் வந்துச்சு. போர்டிங் கூப்பிட்டாங்க.

உன்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ தாங்க மாட்டன்னு தெரியும். ஒரு முற்றுப்புள்ளிக்கே ரெண்டு நாள் சாப்பிடாம கெடப்ப. உன்னைக் காப்பாத்தத்தான் சும்மா இருந்தேன். இன்னைக்கும் அதுக்குத்தான் கையெழுத்துப் போடச் சொல்றேன். நீ உண்மையைச் சொன்னா யாரு பேரு மொதல்ல வரும்? மொழிபெயர்த்தவ பேரு. அப்புறம் யாரு உனக்கு வேலை கொடுப்பா?

மேலத்தெருவைப் பத்தி உனக்கு எழுதி அனுப்பிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன். வேணும்னே எழுதினேனா, வாய்க் கொழுப்பா, எனக்கே தெரியல.

தங்கத்துக்காக ரொம்ப உருகுறியே, அவ நம்பர் கீழ இருக்கு. நீயே பேசிப் பாரு. உன் குரலைக் கேட்டா இந்த ஊர் என்ன செய்யுதுன்னு பாரு. அப்புறம் எனக்கு எழுது.

அர்ஃபான்


புக்கிட் மேரா
2 பிப்ரவரி

நானா,

பேசினேன்.

நேற்று தைப்பூசம். வீட்டில் உம்மா இருப்பார் என்பதால் வெளியே போனேன். காவடி ஊர்வலத்துக்காகப் பஸ் சுற்றிக்கொண்டு போனதால் டோபி காட் நிறுத்தத்தில் இறங்கி, கூட்டம் குறைவாக இருந்த ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தேன். தூரத்தில் மேளம். இரண்டு முறை எண்ணைப் போட்டுத் துண்டித்தேன். மூன்றாவது முறை அவளே எடுத்துவிட்டாள்.

"வணக்கம், நான் சிங்கப்பூரிலிருந்து ருக்சார் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ நிறுத்தினார்கள்.

"சொல்லும்மா," என்றாள். "இப்ப எந்தப் பக்கம் நிக்கணும்?"

கேலியா என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். நடுவில் தாளை மடித்துவிட்டு வாயில் வந்தபடி சொன்னேன். மேல்புறம் என்றதை நான் எந்தப் பொருளில் எழுதினேன் என்று. காற்று வரும் பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று. அவள் கேட்டபடி சரியாகத்தான் நின்றாள், சொன்னதுதான் தப்பு என்று. ஒரு சொல்லின் இன்னொரு அர்த்தம் எனக்கு மறந்துபோயிற்று என்பது அந்தப் படிக்கட்டில் சொல்லும்போது எவ்வளவு சின்னதாக இருந்தது.

அவள் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் கேட்டேன். கட்டுப் பிரித்துவிட்டார்களாம். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காற்று முகத்தில் அடித்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மருந்து கலந்த பெண்ணிடம் சொல்லியும் இருக்கிறாள். அதற்கு அந்தப் பெண், இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து செய்த மிஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றாளாம். அதைச் சொல்லும்போது தங்கம் சிரித்தாள்.

பிறகு, "இரு, இதையே இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள். தைப்பூசத்துக்குக் குழுப் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். "நான்தான் திமிரா நின்னேன்னு ஊரெல்லாம் சொன்னவளும் இங்கதான் இருக்கா. அவ காதுலயும் விழட்டும்."

சொன்னேன். முதல் முறையைவிட நிதானமாக. ஒலிப்பதிவு அறையில் பேசிய அதே குரல் வந்துவிட்டது, எவ்வளவு முயன்றும் மாற்ற முடியவில்லை. "இவளேதான்டி" என்று யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது.

பிறகு ஒருத்தி கேட்டாள். வயதான குரல், பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து தைப்பூசத்துக்கு வந்தவராம். அக்டோபரில் புடவை நனைந்த அம்மாவாக இருக்கலாம். "அர்ஃபான் சார் எங்களுக்கு வாயாலயே சொன்னாரே, காத்து வர்ற பக்கம் நில்லுங்கன்னு. அவருக்கு அப்பவே தெரியும்தானே?"

நீங்கள் என்னைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி வந்தபோது நானும் உங்களைக் காப்பாற்றலாமா என்று யோசித்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். லைன் சரியில்லை என்று துண்டித்திருக்கலாம். ஆபரேஷனுக்கு முந்தின இரவு முழுக்க உம்மாவின் காலைப் பிடித்துவிட்டது நீங்கள். அதுவும் நினைவுக்கு வந்தது. நான் அழுது கூப்பிட்டதால்தான் வந்தீர்கள் என்பதை மறுக்கவில்லை. அந்தப் பங்கை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏர்போர்ட்டில் நினைவு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போர்டிங்குக்குப் பிறகும் போன் வேலை செய்யும், நானா. இங்கே இறங்கிய பிறகும் செய்யும். மூன்று வாரம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். ஒரு வரி. நான் அன்றே வேறு வரி பேசிக் கொடுத்திருப்பேன்.

"தெரியும்" என்றேன்.

தங்கம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும், விசாரணைக்கு அதுதான் எடுபடும் என்றாள். சாப்பிட்டாயா என்றும் கேட்டாள். நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

உங்கள் வேலை போகும். நிதீஷ் எல்லாவற்றையும் உங்கள்மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார், அதுவும் தெரியும். உம்மா என்னிடம் பேச மாட்டார். இதையெல்லாம் தெரிந்துதான் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன், பிறகு யோசிக்காமல் செய்தாள் என்று நீங்கள் சொல்லக்கூடாது.

இன்று காலை நிதீஷின் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். விசாரணை அதிகாரிக்கு நானே தனியாக எழுதினேன். என் வாக்கியம், அதற்கு அந்த ஊரில் என்ன பொருள், தங்கம் நின்ற இடம், அக்டோபரில் நீங்கள் பார்த்தது, யாரிடமும் சொல்லாதது. உங்கள் பெயரை முழுதாக எழுதினேன். தங்கத்துக்கு ஒரு பிரதி வைத்து, பத்து மணிக்கு அனுப்பினேன்.

ருக்சார்